பாரீஸுக்குப் புதுசா வந்தவங்க கைமாத்திக்கிட்ட புத்தகங்கள்... படிக்கும் முன் எழுதினவர் பர்ஸையும் பாருங்க!

மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாட்டு நகரம் ஒண்ணுக்குப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. சிம் கார்டு, மெட்ரோ பாஸ், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் சில வாரங்கள்ல முடிஞ்சுடும். வழி சொல்ல போன்ல மேப் இருக்கு. ஆனா, கடைக்குள்ள நுழைஞ்சதும் 'போன்ஷூர்' சொல்லலைன்னா கடைக்காரர் முகம் ஏன் மாறுது, சாயங்காலம் ரூமுக்குத் திரும்பினதும் ஏன் அவ்வளவு வெறுமையா இருக்கு... இதையெல்லாம் மேப் சொல்லாது.

அந்த நேரத்துல, உங்களுக்கு முன்னாடியே அந்த ஊருக்கு வந்த யாராவது ஒருத்தர், "இதைப் படிச்சுப் பாரு, ஊர் கொஞ்சம் பிடிபடும்" என்று ஒரு புத்தகத்தைக் கையில கொடுப்பார். உலகம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. பாரீஸில் இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், எந்த ஊருக்குப் போகிறவர்களுக்கும் பயன்படுகிற ஒரு பாடம் கிடைக்கும்.

இரவல் கொடுத்த புத்தகக்கடை

1919 நவம்பரில் சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண் பாரீஸில் ஓர் ஆங்கிலப் புத்தகக்கடையைத் திறந்தார். பெயர் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி'. விற்பனையைவிட அங்கே முக்கியமாக நடந்தது இரவல்! சந்தா கட்டி உறுப்பினராகி, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆங்கிலப் புத்தகங்களின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாத காலம் அது.

1921 டிசம்பரில் பாரீஸ் வந்த இளம் ஹெமிங்வே, கடைக்கு முதல்முறை போனபோது டெபாசிட் கட்டக் கையில் பணம் இல்லை. "அப்புறம் கொடுங்க" என்று சொல்லி சில்வியா பீச் புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலை வெளியிட மற்றவர்கள் தயங்கியபோது, 1922-ல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்ததும் இந்தச் சின்னக் கடைதான். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள் என்று எழுதிவைத்த அட்டைகள் பலவும் இன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பாரீஸைப் பிடித்ததும் நிலைமை மாறியது. 1941-ல் கடை மூடப்பட்டது. சில்வியா பீச் சில மாதங்கள் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அந்தக் கடை மறுபடி திறக்கவேயில்லை.

இன்று நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிரே சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' வேறு கடை. ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-ல் வேறு பெயரில் தொடங்கி, 1964-ல் சில்வியா பீச்சின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். கையில் காசில்லாத இளம் எழுத்தாளர்கள் இங்கே புத்தக அலமாரிகளுக்கு நடுவே இலவசமாகத் தூங்கலாம். பதிலுக்குக் கடையில் கொஞ்சம் வேலை செய்யணும், தினமும் ஒரு புத்தகம் படிக்கணும், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுக்கணும். அப்படித் தங்கியவர்கள் சுமார் 30,000 பேர் என்கிறது கடை.

வீட்டுக்கே வந்த புத்தகங்கள்

இன்னொரு இடம், 1920-ல் தொடங்கிய 'அமெரிக்கன் லைப்ரரி இன் பாரீஸ்'. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவ வீரர்கள் படிப்பதற்காகக் கப்பலில் வந்த புத்தகங்கள்தான் இதன் ஆரம்பச் சேமிப்பு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது யூத வாசகர்கள் நூலகத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. அப்போது நூலக ஊழியர்கள் ரகசியமாக அவர்கள் வீடுகளுக்கே புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

ஒரு புத்தகத்தை இரவல் கொடுக்கிறதுக்கு இவ்வளவு ரிஸ்க்கா? தனித்துவிடப்பட்ட ஒருவருக்கு, 'உன்னை நாங்க மறக்கலை' என்று சொல்ல அன்றைக்கு இருந்த வழிகளில் அதுவும் ஒன்று.

சரி, என்ன புத்தகங்கள்?

பாரீஸில் குடியேறியவர்கள் எழுதியவற்றில் அதிகம் கைமாறிய சிலவற்றைப் பார்ப்போம். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கோங்க: 'இவர் பாக்கெட்டில் அப்போ எவ்வளவு இருந்தது?'

ஹெமிங்வே - 'எ மூவபிள் ஃபீஸ்ட்' (1964): அவர் இறந்து மூன்று வருடம் கழித்து வெளியானது. காபிக்கடையில் உட்கார்ந்து எழுதுவது, பசியோடு நடப்பது, ஏழ்மையிலும் மகிழ்ச்சியாக இருந்தது என 1920களின் பாரீஸை ஆசையாகச் சொல்லும். 2015 நவம்பரில் பாரீஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டபோது, மக்கள் பூக்களோடும் மெழுகுவத்திகளோடும் இந்தப் புத்தகத்தின் பிரெஞ்சுப் பதிப்பையும் அஞ்சலியாக வைத்தார்கள். பல வருடங்களுக்கு முன் வந்த புத்தகம் மறுபடி விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது.

ஆனா பர்ஸ்? மனைவி ஹேட்லிக்குக் குடும்பச் சொத்திலிருந்து வருடத்துக்குச் சுமார் 3,000 டாலர் வந்துகொண்டிருந்தது. ஹெமிங்வேக்குப் பத்திரிகை வேலையும் இருந்தது. போருக்குப் பிறகு பிராங்க் மதிப்பு சரிந்ததால், டாலர் வைத்திருந்தவர்களுக்கு பாரீஸ் மலிவான ஊர். அந்த 'ஏழ்மை'க்குப் பின்னால் இவ்வளவு இருந்தது!

ஜார்ஜ் ஆர்வெல் - 'டவுன் அண்ட் அவுட் இன் பாரீஸ் அண்ட் லண்டன்' (1933): ஹெமிங்வே குடியிருந்த வீட்டிலிருந்து சில நிமிட நடையில்தான் ஆர்வெலும் 1928 முதல் 1929 வரை தங்கினார். ஆனா அவர் காட்டுவது வேற பாரீஸ். பணம் திருடு போகிறது, கோட்டை அடகு வைக்கிறார், பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவுகிறார். வேலை முடிந்தால் தூக்கம், எழுந்தால் வேலை. இங்கேயும் ஒரு விஷயம். அதே பாரீஸில் அவருடைய அத்தை ஒருவர் வசித்துவந்தார். கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தது, புத்தகத்தில் அவர் வருவதில்லை.

ஜேம்ஸ் பால்ட்வின் - 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' (1955): நிறவெறியிலிருந்து தப்ப, 1948 நவம்பரில் 40 டாலரோடு பாரீஸில் இறங்கிய கறுப்பின எழுத்தாளர். தெரிந்தவர் ஒருவர் ஒரு ஹோட்டலிலிருந்து எடுத்துவந்த பெட்ஷீட், பால்ட்வின் அறையில் இருந்தது. அதற்காகக் கைதாகி எட்டு நாள் சிறையில் இருந்தார். பாஷையும் தெரியாது, சட்டமும் தெரியாது. கடைசியில் வழக்கு தள்ளுபடியானது. விஷயத்தைக் கேட்டு கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படிக் கேட்டது என்பதை இந்தத் தொகுப்பில் உள்ள ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் முதல்முறை போலீஸையோ விசா ஆபீஸையோ எதிர்கொள்ளும் யாருக்கும் அந்த நடுக்கம் புரியும்.

ஆடம் கோப்னிக் - 'பாரீஸ் டு த மூன்' (2000), டேவிட் செடாரிஸ் - 'மீ டாக் ப்ரிட்டி ஒன் டே' (2000): இரண்டும் சிரிச்சுக்கிட்டே படிக்கலாம். கோப்னிக் 'நியூ யார்க்கர்' இதழுக்காக மனைவி, குழந்தையோடு ஐந்து வருடம் பாரீஸில் வாழ்ந்தவர். ஜிம்மில் சேரப்போன கதையை வைத்தே ஊரின் குணத்தைச் சொல்வார். செடாரிஸ், பிரெஞ்சு வகுப்பில் கடுகடு டீச்சரிடம் பட்ட பாட்டைச் சொல்வார். புது மொழி கற்கிறவர்களுக்கு ஆறுதல் கேரன்டி. இருவருக்குமே வருமானக் கவலை பெரிதாக இல்லை, வேண்டாமென்றால் ஊர் திரும்பலாம் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

திரும்பிப் போக முடியாதவர்களின் பாரீஸ்

இதுவரை சொன்ன எல்லோருக்கும் திரும்பிப்போக ஓர் ஊர் இருந்தது. பால்ட்வினுக்கு அது கசப்பான ஊர். ஆனாலும் பாஸ்போர்ட் இருந்தது. அது இல்லாமல் வந்தவர்களின் பாரீஸை எங்கே படிப்பது?

அதற்குத் தமிழிலேயே ஆள் இருக்கிறார். 1993-ல் அகதியாக பிரான்ஸ் வந்த ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. ஆர்வெல் மாதிரியே பாத்திரம் கழுவியது உட்பட, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தவர். 2001-ல் வெளியான அவருடைய 'கொரில்லா' நாவலில் அகதி விண்ணப்பமும் ஒரு பாத்திரம் மாதிரியே வருகிறது. தன் வாழ்க்கையில் நடந்ததை ஓர் அதிகாரி நம்பும்படி எழுதிக்காட்டினால்தான் அந்த ஊரில் இருக்கவே முடியும் என்ற நிலை. 2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் நாயகனும் இவர்தான்.

பாரீஸின் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பெல் பக்கம் நடந்தால் தமிழ் போர்டுகள், மளிகைக்கடைகள், நகைக்கடைகள். 'குட்டி யாழ்ப்பாணம்' என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். ஹெமிங்வேயை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தத் தெரு கண்ணில் படாமலே போகலாம்.

நீங்க என்ன பண்ணலாம்?

* ஒரு ஊரைப் பற்றி எப்பவும் இரண்டு புத்தகமாகப் படிங்க. ஒன்று, ஆசைப்பட்டு வந்தவர் எழுதியது. இன்னொன்று, வேற வழியில்லாமல் வந்தவர் எழுதியது.

* எழுதினவர் எந்த வருடம் வந்தார், வாடகை யார் கொடுத்தார், விசா என்ன என்று தேடிப் பாருங்க. ஹெமிங்வேயின் பாரீஸை நினைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால், இரண்டாவது மாதமே அப்பாவுக்கு போன் பண்ண வேண்டியிருக்கும்!

* புதுசா போன ஊரில் சிம் கார்டுக்கு அடுத்தபடியாக நூலக அட்டை வாங்குங்க. பாரீஸ் நகராட்சி நூலகங்களில் பதிவு செய்வதும் புத்தகம் எடுப்பதும் இலவசம். ஓசியில் ஹீட்டரும் மனித முகங்களும் கிடைக்கும் இடம் வேற எது?

* படித்த புத்தகத்தை அடுத்து வருகிறவருக்குக் கொடுங்க. முதல் பக்கத்தில், நீங்க வந்த மாதம், அப்போ கொடுத்த வாடகை, யாரும் சொல்லாமல் நீங்களே கத்துக்கிட்ட ஒரு விஷயம், மூன்றையும் எழுதிவைங்க. 'கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ஷூர் சொல்லு' என்று எழுதினால்கூடப் போதும்.

டெபாசிட் இல்லாமல் அன்றைக்கு சில்வியா பீச் கொடுத்தனுப்பியது சில புத்தகங்கள்தான். பல வருடம் கழித்து, வயதான காலத்தில் அந்த நாளை உட்கார்ந்து எழுதும்போதும் ஹெமிங்வே அந்த அன்பை மறக்கவில்லை. உங்க ரூமில் படிச்சு முடிச்ச புத்தகம் ஒண்ணு சும்மா இருந்தா, இந்த செமஸ்டர் புதுசா வந்திருக்கும் ஜூனியர் யாருன்னு பாருங்க பாஸ்!