வழுக்கையின் காரணம் தேடிய வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேலைக் கரையாகிய படுவான்கரை நெடுங்காலமாக நெல்வயல்களுக்கும் மாட்டுப்பட்டிகளுக்கும் பெயர் பெற்றது. நாம்பன் கன்றை இளமையிலேயே நலமடித்துவிட்டால் அதன் சீற்றம் தணியும், திமில் பருக்காது, ஏருக்கும் வண்டிக்கும் அது பணிந்து நடக்கும். இவ்வுண்மையை உழவர் நூல் கற்று அறிந்தாரல்லர், கண்டு அறிந்தனர். விதை என்னும் சிற்றுறுப்பு தனக்குத் தொலைவிலுள்ள திமிலையும் கழுத்தையும் ஆள்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிய வழியிலேதான் ஆண்களின் தலை வழுக்கையாவதன் காரணமும் வெளிப்பட்டது.

கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிசுத்தோத்தில், இளமையில் விதை நீக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என எழுதிவைத்தார். அவர் கண்டது மெய்யே. ஆயின் தலையில் வெப்பம் குறைவதே வழுக்கைக்குக் காரணம் என அவர் கூறிய விளக்கம் பிழையாயிற்று. காட்சிக்கும் காரணத்துக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடந்தது.

அவ்விடைவெளியை முதலிற் குறைத்தவர் செருமனி நாட்டுக் கொட்டிங்கன் நகரத்துப் பேர்தோல்து என்பவர். 1849 ஆம் ஆண்டில் அவர் சேவற் குஞ்சுகளின் விதைகளை நீக்கினார். கொண்டை சிறுத்தது, கூவலும் போரும் ஒழிந்தன. விதையை வயிற்றினுள்ளே வேறோர் இடத்தில் வைத்த சேவல்களோ முன்போலவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் இவ்வாறு நிகழ்ந்தமையால், குருதியின் வழியே ஏதோ ஒன்று செல்கின்றது என அவர் தெளிந்தார். இத்தகைய பொருள்களுக்கு 1905 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சுற்றாலிங்கு 'ஓமோன்' என்னும் பெயரை வழங்கினார். 'தூண்டுவது' என்பது அதன் பொருள். 1935 ஆம் ஆண்டில் அம்சுற்றடாம் ஆய்வாளர் ஏறத்தாழ 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்த ஆண்மை ஓமோன், தெசுத்தொசுத்தரோன் எனப் பெயர் பெற்றது.

1942 ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்றறிஞர் சேம்சு அமிற்றன் தம் ஆய்வை வெளியிட்டார். பருவமெய்துமுன் விதை இழந்தோரிடம் அவர் வழுக்கையைக் காணவில்லை. அத்தகையோருக்குத் தெசுத்தொசுத்தரோன் அளித்தபோது, வழுக்கை மரபுள்ள குடும்பத்தினர் சிலருக்கு மயிர் உதிரத் தொடங்கியது. அம்மரபில்லாதோர் அதே ஓமோனைப் பெற்றும் மயிரை இழந்தாரல்லர். ஓமோன், மரபு, வயது ஆகிய மூன்றும் கூடினாலன்றி இவ்வழுக்கை தோன்றாது என்பது இதனால் விளங்கிற்று.

மரபென்பது எவ்வழியது? தாய்வழியே குடி எண்ணும் வழக்கமுடைய மட்டக்களப்பாருக்கு இவ்வினா சுவையானது. ஓமோனை ஏற்கும் உறுப்பை ஆக்கும் மரபணு, ஆண்மகனுக்குத் தாயிடமிருந்தே வருகின்றது. அதன் வேறுபாடு வழுக்கையோடு பெரிதும் தொடர்புடையதெனச் செருமனிய ஆய்வாளர் 2005 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினர். ஆயினும் தந்தைவழி வரும் மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆதலின் தாய்மாமன் தலையை மட்டும் நோக்கி மருமகன் தலைக்குக் குறிசொல்லுதல் பொருந்தாது.

1974 ஆம் ஆண்டில் மற்றொரு திரை விலகிற்று. தொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில், தெசுத்தொசுத்தரோனை அதனினும் வலிய வழிப்பொருளாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆண்களை இம்பராட்டோ-மக்கின்லி அம்மையாரும் குழுவினரும் விவரித்தனர். அவர்களுக்கு நெற்றி மயிர் பின்வாங்கவில்லை. அந்நொதியத்தைத் தடுக்கும் பினசுத்தரைட்டு என்னும் மருந்து 1992 இல் அமெரிக்காவில் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கும், 1997 இல் சிற்றளவாக ஆண் வழுக்கைக்கும் ஒப்புதல் பெற்றது. பக்கவிளைவுகள் உளவாதலின் மருத்துவர் அறிவுரையின்றி அதனை உட்கொள்ளலாகாது.

வழுக்கையுள்ளவரிடம் ஆண்மை ஓமோன் மிகுந்துமில்லை, குறைந்துமில்லை. பெரும்பாலாரிடம் அது இயல்பான அளவிலேயே உள்ளது. மயிர்க்காலின் கூருணர்வே வேறுபடுகின்றது. தாடியை வளர்க்கும் அதே ஓமோன் உச்சியின் மயிர்க்கால்களைச் சுருக்குகின்றது. பிடரி மயிரையோ பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. எனவே வழுக்கை ஒழுக்கக் குறையன்று, நோயுமன்று. இதனை அறிந்த இளைஞன் விளம்பரம் காட்டும் புட்டிகளுக்கு ஊதியத்தை இறைக்கமாட்டான். ஏளனச் சொல்லுக்குத் தலை குனியவும் மாட்டான்.