டௌன் கிராமமும் டார்வினும்

இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்திலிருந்து 16 மைல் தொலைவிலே, அக்காலத்துக் கென்ற் மாகாணத்து மேட்டுநிலமொன்றில் அமைந்திருந்தது டௌன் என்னுஞ் சிற்றூர். 1842ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆந் திகதி வெள்ளிக்கிழமை இரவை இளந் தம்பதியர் இருவர் அவ்வூரிலே கழித்தனர். ஊரிலே தங்குமடம் என்று சொல்லத்தக்கது ஒன்றே இருந்தது. அதுதானும் பலசரக்குக் கடையுந் தவறணையும் ஒருங்கே சேர்ந்த ஒரு சிறு வீடு. அதன் சொந்தக்காரரோ தச்சுத் தொழிலாளர். அன்று வடகீழ்க் காற்றுக் குளிராக வீசிக்கொண்டிருந்தது. வானம் மூட்டமாயிருந்தது. மனைவிக்குப் பல்வலியும் தலையிடியும். போதாக்குறைக்கு அவர் நிறைகர்ப்பிணியாகவும் இருந்தார். விலைக்கு வந்த வீடொன்றையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் பார்த்து, அங்கே குடியேறலாமா என்று துணிவதற்காகவே அவர்கள் வந்திருந்தனர்.

கணவர் சாள்ஸ் டார்வின். மனைவி, அவருடைய தாய்மாமன் மகளாகிய எம்மா. டார்வினுக்கு அப்போது வயது 33. ‘பீகிள்’ என்னுங் கப்பலில் ஏறி 1831 டிசம்பர் முதல் 1836 ஒக்ரோபர் வரை உலகத்தை வலம்வந்த அவரை, திரும்பிய பின்னர் நோய் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு யூன் மாதத்திலே வேல்ஸ் நாட்டு மலைகளிற் பழைய பனிக்கட்டியாறுகளின் தடங்களைத் தேடி ஏறி இறங்கினார். முன்னைய உடல் வலிமையோடு அவர் மலையேறிய கடைசிச் சந்தர்ப்பம் அதுவே. இலண்டனின் புகையும் இரைச்சலும் அவருக்குப் பொருந்தவில்லை. குழந்தைகள் இருவருக்கும் ஓடியாட நிலம் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை இலண்டன் மீண்ட டார்வின், மறுநாள் ஞாயிறன்று தம் சகோதரி கதரினுக்கு நீண்ட கடிதமொன்று எழுதினார். உண்மையில் அது தந்தையார் வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது. வீட்டு விடயத்தில் தந்தையின் சம்மதமும் பணவுதவியும் வேண்டப்பட்டனவன்றோ! விலை ஏறத்தாழ 2,200 பவுண். ஓராண்டுக்கு வாடகையாக எடுத்துப் பார்ப்பதே அவரது முதல் எண்ணம். கடிதத்திலே வீட்டின் குறைகள் ஒளிக்கப்படவில்லை. வீடு அழகற்றது, பழையதென்றும் புதியதென்றுஞ் சொல்லமுடியாதது, ஒழுங்கையை ஒட்டி அமைந்தது. மண்டபத்திலிருந்து பார்த்தால் 15 ஏக்கர் தட்டையான வயலன்றி வேறு காட்சியில்லை. மரக்கறித் தோட்டமோ மிக மோசம்; சுண்ணமுந் தீக்கல்லுங் கலந்த அம்மண் பார்வைக்கே வெறுப்பூட்டியது. இவற்றோடு செரி, பெயர், முசுக்கட்டை முதலிய மரங்களின் கணக்கும், உலர்புல் ஏக்கருக்கு இத்தனை பவுணுக்கு விலைப்பட்டதென்ற கணக்கும், அறைகளின் நீள அகலங்களும் வந்தன. மகன் தந்தையிடம் காசு கேட்கும் கடிதம் எக்காலத்தும் இப்படித்தான் இருக்கும் போலும்.

ஆயினும் ஒரு செய்தியை எழுதும்போது அவர் பேனாவிலே மகிழ்ச்சி தொனிக்கின்றது. அவ்வூர் வயல்களில் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் ஒற்றையடிப்பாதைகள் ஊடறுத்துச் சென்றன. நடப்பதற்கு இத்தனை வழிகளை வேறெங்குங் கண்டதில்லை என்று கருதினார், தென்னமெரிக்காவின் சமவெளிகளையும் அந்தீசு மலைகளையுங் கடந்து வந்த அம்மனிதர்! உயர்ந்த உயிர்வேலிகளுக்கிடையே குறுகிய ஒழுங்கைகள். நாற்பது வீடுகள் கொண்ட கிராமம். மாலை வேளையிலே திறந்த வாயில்களில் அமர்ந்திருக்கும் மக்கள். இலண்டன் இத்துணை அருகிலுள்ளதென நம்புவதே அரிதாயிருந்தது.

எம்மாவுக்கு முதலில் ஊர் பிடிக்கவில்லை. வீடும் வயலும் அவர் மனத்துக்கு ஒத்தன. சுற்றுப்புறமே வெறுமையாகத் தோன்றியது. சனிக்கிழமை திரும்பி வரும் வழியிலே, டௌனிலிருந்து முதற் சில மைல்களில் விரிந்த காட்சியைக் கண்டபோதுதான் அவர் மனம் இளகியது. பல்வலி இரவின் தீர்ப்பைக் காலை வெளிச்சம் மாற்றிவிட்டது.

செப்ரெம்பர் நடுவிலே குடும்பம் டௌனுக்குக் குடிபெயர்ந்தது. அம்மாதம் 23ஆந் திகதி பிறந்த மேரி எலியனோர் என்னும் பெண் மகவு, மூன்று கிழமைகளே வாழ்ந்து ஒக்ரோபர் 16ஆந் திகதி இறந்தது. புதிய ஊரிலே பெட்டிகள் பிரித்து அடுக்கி முடியுமுன்னரே தேவாலயத்து இடுகாட்டில் அவர்களுக்கென ஒரு சிறு குழி வெட்டப்பட்டது. ஓராண்டு பார்க்கலாமென்று வந்தவர்களுக்கு ஊர் சொந்தமாவதற்கு இதுவும் ஒரு வழிபோலும்.

1843 மே மாதத்திலே டார்வின் தம் சுற்றுப்புறத்தைப்பற்றிக் குறிப்பொன்று எழுதத் தொடங்கினார். அவர் கண்ணில் முதலிற் பட்டது, அங்குள்ள பள்ளத்தாக்குகளிலே ஓர் ஓடைதானும் இல்லாமை. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தேங்குவதில்லை. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை ஒத்த மென்மையான சுண்ணக்கல் அத்தனை நீரையுங் குடித்துவிடும். அதன்மேல் தீக்கற்கள் நிறைந்த செந்நிறக் களிமண் படிந்து கிடக்கும். வற்றாத ஆறின்றிச் சுண்ணக்கல்லின் மேற் செம்மண்ணில் வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுமையன்று. கிணற்று நீரின் அருமையறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதற் பார்வையில் வெறுப்பூட்டிய அந்த மண்ணே பின்னர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. டார்வினின் மாமனாராகிய யோசையா வெச்வூட், தமது மேர் என்னும் ஊரின் வயல்களை முன்னொருமுறை அவருக்குக் காட்டினார். வயலின்மீது தூவிய சுண்ணாம்புஞ் சாம்பலுஞ் சில ஆண்டுகளிலே மண்ணுள் இறங்கிவிடுவதைச் சுட்டி, மண்புழுக்களின் வேலையே அது என்றார். இதனை 1837இல் புவிச்சரிதவியற் கழகத்திலே டார்வின் எடுத்துரைத்தார். மருமகனுக்கு மாமன் தந்த இச்சீதனம் டௌனிலே முதலீடாயிற்று. குடிவந்து மூன்று மாதங்கழிந்து, 1842 டிசம்பர் 20ஆந் திகதி, வீட்டுக்கருகிலுள்ள புல்வெளியொன்றின் ஒரு பகுதியிலே உடைத்த சுண்ணக்கட்டிகள் பரப்பப்பட்டன. என்றோ ஒருநாள் அவை எவ்வளவு ஆழத்திற் கிடக்குமென்று அறிவதற்காகவே இவ்வேற்பாடு. 1871 நவம்பர் இறுதியிலே, 29 ஆண்டுகள் சென்றபின், அங்கே அகழி வெட்டப்பட்டது. மேற்பரப்பிலிருந்து 7 அங்குல ஆழத்திலே வெள்ளைக்கோடொன்று தெரிந்தது. ஓராண்டுக்குச் சராசரி கால் அங்குலத்துக்குஞ் சற்றுக் குறைவு! கண்ணில்லாத புழுக்கள் அத்தனை மண்ணையும் மேலே கொணர்ந்து கொட்டியிருந்தன.

வேறொரு வயலும் உண்டு. ‘கல்வயல்’ என்றே அதற்குப் பெயர். 1841இல் கடைசியாக உழப்பட்ட அவ்வயலிலே குழந்தையின் தலையிற் பாதியளவான தீக்கற்களுங் கிடந்தன. சரிவிலே அவர் புதல்வர்கள் ஓடினாற் கற்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென ஒலிக்கும். இவை மண்ணுள் மறைவதைத் தாம் உயிரோடிருந்து காண்பது ஐயமென்று டார்வின் நினைத்ததுண்டு. முப்பது ஆண்டுகளின் பின், ஒரு குதிரை அவ்வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாய்ந்து சென்றாலும் அதன் இலாடம் ஒரு கல்லிலும் படாதென்னும் நிலை வந்துவிட்டது. 1881இல் வெளிவந்த மண்புழுக்கள் பற்றிய நூலிலே இவ்விரு வயல்களின் வரலாறுஞ் சொல்லப்பட்டுள்ளது.

நடை மாத்திரம் நிற்கவில்லை. 1846இல் அயலவரான லபொக் என்பவரிடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மரங்களை நட்டு, சுற்றிவர மணற்பாதை அமைத்தார். எத்தனை சுற்றென்று எண்ணுவதற்குப் பாதையோரத்தில் தீக்கற்களைக் குவித்துவைத்துச் சுற்றுக்கொன்றாகத் தள்ளிவிடுவார். மூன்றடி நீளமும் ஈரடி அகலமுமான ஒரு நிலத்துண்டைக் கொத்தித் துப்புரவாக்கி, முளைத்த களைகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டார். 357 முளைகளுள் 295 அழிந்தன; பெரும்பாலானவற்றை ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளுந் தின்றுவிட்டன. 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலிலே, உயிர்களின் வாழ்க்கைப் போராட்டத்துக்கு இச்சிறு பாத்தியும் ஒரு சான்றாயிற்று.

டார்வின் 1882 ஏப்பிரல் 19ஆந் திகதி அவ்வீட்டிலேயே காலமானார். ஊர்த் தேவாலயத்து இடுகாட்டிலே, குழந்தை மேரியும் 1858இல் இறந்த மற்றொரு குழந்தையுங் கிடக்கும் மண்ணிலே தாமும் அடங்குவதே அவர் எண்ணமாயிருந்தது. டௌன் தச்சரொருவர் சவப்பெட்டியுஞ் செய்து முடித்தார். ஆனால் நாட்டின் பெரியோர் வேறுவிதமாக விரும்பினர். தச்சரின் கரடுமுரடான பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது. 26ஆந் திகதி உடல் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. குளிர்காற்று வீசிய அந்த வெள்ளிக்கிழமையிலே ஊர் வெறுமையாயிருக்கின்றதென்று குறைபட்ட எம்மா, 1896 ஒக்ரோபர் 2ஆந் திகதி அதே வீட்டில் இறந்தார். அவர் உடல் டௌன் இடுகாட்டிலே கிடக்கின்றது.