திரெஃபு: ஒரு விலக்கின் பெயர்

சுரிநாமின் ஸ்ரனான் மொழியில், ஒருவருக்கு ஆகாத உணவுக்குத் திரெஃபு என்று பெயர். தகப்பன் வழியில் வரும் விலக்கு அது. மீறித் தின்றால் தோலில் நோய் காணும் என்பது நம்பிக்கை. சொல்லோ எபிரேயம். ‘தெரெஃபா’ என்றால் காட்டு விலங்கு கிழித்துப் போட்டது; பழைய தமிழ் விவிலியத்தில் ‘பீறுண்ட’ என்று வரும் இறைச்சி. அதை நாய்க்குப் போடச் சொல்கிறது யாத்திராகமம். நாளடைவில் யூதர் உண்ணத்தகாத எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று.

அந்தச் சொல் தென்னமெரிக்கக் காட்டோரத்துக்கு வந்த வழி சுரிநாம் ஆறு. தலைநகர் பாராமரிபோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், ஆற்றங்கரை மேட்டில் இருந்தது யோதன்சவானே, அதாவது யூதர் புல்வெளி. போர்த்துகீசிய மரபில் வந்த யூதர்களுக்கு 1665இல் ஆங்கிலேயர் வழிபாட்டுரிமை அளித்தனர். 1667இல் குடியேற்றம் டச்சுக்காரர் கைக்கு மாறிய பின்னும் அது நீடித்தது. 1685இல் அங்கே செங்கல் ஜெபாலயம் எழுந்தது. சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். 1694இல் 570 யூதர், 40க்கு மேற்பட்ட தோட்டங்கள், 9,000 அடிமைகள் என்கிறது அச்சமூகத்தாரே 1788இல் வெளியிட்ட வரலாறு. கடைசி எண் மிகையாகவே இருக்கட்டும். ஆண்டைக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிந்தே உலை வைக்க வேண்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள்.

அப்படியானால் விலக்கையே யூதரிடம் கற்றார்களா? சொல்லை வைத்து அப்படி முடிவுகட்டுவது அவசரம். யூதர் விலக்கு சமூகம் முழுவதற்கும் ஒன்று. திரெஃபுவோ ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு ஆகாத ஆமைக்கறி பக்கத்து இலையில் விருந்து. தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் தப்பியோரின் வழிவந்த நிஜுக்கா மக்கள் இதே விலக்கைக் ‘கினா’ என்கிறார்கள். அது காங்கோப் பகுதிச் சொல் எனக் கருதப்படுகிறது. ஆக, வழக்கம் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. அதற்கு ஆண்டை வீட்டுப் பெயர் ஒன்றும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. ஒலி ஒற்றுமை தற்செயல் என்பாரும் உண்டு. ஆனால் ஸ்ரனானில் ‘கசேரி’யும் இருக்கிறதே! தூயது, தீட்டற்றது என்று பொருள்; எபிரேயக் ‘காஷேர்’தான். எதிரெதிர்ச் சொற்கள் இரண்டும் சேர்ந்தே தற்செயலாக வந்திருக்குமா?

அடுக்களை மட்டும்தான் வழி என்று நான் சொல்லவில்லை. யூதத் தந்தையருக்கும் ஆப்பிரிக்கத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள் பாராமரிபோவில் 1759இல் ‘தார்கே யெசாரிம்’ என்ற சங்கமே அமைத்தார்கள். அத்தகைய வீடுகளில் இரண்டு விலக்குகளும் ஒரே அடுப்பைச் சுற்றி இருந்திருக்கும். 1832இல் யோதன்சவானே தீயில் அழிந்தது. குடிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே நகரத்துக்குப் போய்விட்டிருந்தனர், திரெஃபுவும்தான்.