காடு போனால் மீனும் போகும்

மரத்தை வெட்டினால் மழை குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மீனும் குறையும் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வட அமெரிக்காவில் சால்மன் மீன் கடலிலிருந்து ஓடைக்கு ஏறி வந்து கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். மேலே காட்டை வெட்டினால் மழையில் கரைந்து வரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிடும். முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் சால்மன் கிடையாது. ஆனால் மரக்காணம் அருகே கழுவேலி இருக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறும்போது மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வந்து வளர்கின்றன. மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மழைக்கால ஓடைகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன.

அந்த ஓடைகளின் தலைமாட்டில் ஒரு காலத்தில் பாலை, வீரை, காயா மரங்கள் நிறைந்த காடு இருந்தது. திந்திரிணி (புளி) வனமே திண்டிவனம் ஆனது என்று பெயர்க்காரணம்கூடச் சொல்வார்கள். உழவு, விறகு, கட்டுமான மரம், ஆடுமாடு மேய்ச்சல் என்று காடு சிறுகச் சிறுகக் கரைந்தது. மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் சென்னைக்குப் போயின. 1856-ல் சென்னை மாகாண வனத்துறையும் 1882-ல் வனச் சட்டமும் வந்தன. ஆனாலும் காப்புக்காட்டுக்கு வெளியே இருந்தவற்றில் பெரும்பகுதி அழிந்தது. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற சில, சாமிக்குப் பயந்து தப்பின.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் வெறும் செம்மண். ஒவ்வொரு மழைக்கும் மண் சிவப்பாகக் கரைந்து ஓடியது. அங்கு வந்தவர்களும் சுற்றுவட்டார கிராம மக்களும் சரிவுக்குக் குறுக்கே மண் வரப்புகள் போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் நின்றால்தானே கன்று பிழைக்கும்! முதலில் நிழலுக்காக வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டார்கள். பிறகு கோயில் காடுகளில் விதை சேகரித்து நாட்டு மரங்களை வளர்த்தார்கள். இதுவரை நட்டவை 20 லட்சத்துக்கும் மேல்.

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவேலியில் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் வண்டலுக்குச் சரணாலய எல்லை தெரியாது. மேலே உள்ள ஏரியும் ஓடையும் கெட்டால், கீழே மீன் இருக்காது, மீனைத் தேடி வரும் பறவையும் இருக்காது, அதை நம்பி வலை வீசுபவருக்குப் பிழைப்பும் இருக்காது.

காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது அய்யனார் மீதிருந்த பயம். ஓடைகளைக் காப்பாற்ற நமக்கு என்ன பயம் வர வேண்டும்? யோசியுங்கள் நண்பர்களே.