நான்காவது கட்டம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1986–87-இல் ஏறத்தாழ 35,000 பள்ளி மாணவர்களிடம் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பாலீர்ப்பு பற்றிய கேள்வியில் ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று குறித்தவர்கள் மொத்தம் 1.1 சதவீதம்; தெரியவில்லை என்றவர்கள் 10.7. பன்னிரண்டு வயதுக்காரர்களில் நால்வரில் ஒருவர் இந்தக் கட்டத்தில் இருந்தார். பள்ளி முடிக்கும் வயதில் இருபதில் ஒருவர்தான். வளர வளரத் தன்னைப் பற்றிய தெளிவு வருகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் வளர்ந்தால் கேள்வித்தாளின் சொற்களும்தானே புரியும்?

அந்தச் சந்தேகம் தீராமலே கட்டம் வேறொரு மாநிலத்துக்கும் போனது. 1995-இல் மாசசூசெட்ஸ் தன் கணக்கெடுப்பில் நான்கு விடைகள் வைத்தது; நான்காவது ‘உறுதியில்லை’. தற்கொலை முயற்சி பற்றி 1999-இல் வெளியான ஆய்வு, இந்த நான்காம் கட்டத்தினரையும் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினரோடு ஒரே குழுவாக்கியது: 3,365 பேரில் 129 பேர். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் ஆய்வாளர்கள் இப்படிச் சேர்ப்பதுண்டு. ஆனால் யோசித்துத் தயங்கிய பிள்ளையும் சொல் விளங்காத பிள்ளையும் அங்கே ஒன்றாகிவிட்டார்கள்.

2015-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாணவர்களுக்குக் கொடுத்த தேசியக் கேள்வித்தாளிலும் அதே நான்கு விடைகள். உறுதியில்லை என்றவர்கள் 3.2 சதவீதம்.

முடிச்சு அவிழ்ந்தது வேறொரு கேள்வியில். 2017-இல் பத்து மாநிலங்களும் ஒன்பது பெருநகரப் பள்ளி மாவட்டங்களும் ‘நீங்கள் திருநரா?’ என்று கேட்டன. அதற்கு முன்னால் ஒரு வரி விளக்கம். விடைகளில் ‘உறுதியில்லை’ தனி, ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்றே தெரியவில்லை’ தனி. ஆம் என்றவர்கள் 1.8 சதவீதம், உறுதியில்லை என்றவர்கள் 1.6, கேள்வியே புரியாதவர்கள் 2.1. விளக்கம் கொடுத்தும் இவ்வளவு பேர்! பழைய பாணியில் ஒரே கட்டம் வைத்திருந்தால் தயக்கம் இரு மடங்குக்கும் மேலாகத் தெரிந்திருக்கும்.

2021-இல் பாலீர்ப்புக் கேள்வியும் தன்னைவிட இளைய திருநர் கேள்வியிடம் பாடம் கற்றது. ‘உறுதியில்லை’ என்பதோடு ‘கேள்வி புரியவில்லை’, ‘வேறு விதமாகச் சொல்வேன்’ என்ற விடைகளும் சேர்ந்தன. இதனால் 2019 வரையிலான ‘உறுதியில்லை’ எண்களைப் புதியவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. புள்ளிவிவரக்காரர்களுக்கு இது நஷ்டம். பழைய எண்களில் கலந்து கிடந்ததை இனிப் பிரிக்கவும் வழியில்லை என்பதால், அந்த நஷ்டத்தை இன்னும் முன்பே ஏற்றிருக்கலாம்.