ஒற்றைத் தலைவலித் தாக்குதலுக்கான மருந்துகள்: வரலாறு

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி கிளம்பியபின் அதை அடக்குவதற்காக மருத்துவர் எழுதித்தரும் மருந்துகள் தாக்குதல்கால மருந்துகள் எனப்படும். தலைவலி வராமல் காக்க அன்றாடம் உட்கொள்ளும் தடுப்பு மருந்துகள் வேறு. மருந்து கொடுக்காவிட்டால் ஒரு தாக்குதல் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். விண்விண்ணென்று தெறிக்கும் வலியோடு குமட்டலும் வாந்தியும் வரும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாது. நோயின் காரணத்தை அறிந்து மருந்து செய்ததைவிட, மருந்து வேலை செய்வதைக் கண்டு காரணத்தைத் தேடியதே இத்துறையில் நெடுங்காலம் நடந்தது.

எர்காட் காலம்

இவ்வரலாறு ஒரு பூஞ்சையில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் விளையும் ரை என்னும் தானியத்தின் கதிரில் கருநிறக் கொம்பு போல வளரும் பூஞ்சை எர்காட். தமிழ்நாட்டில் கம்புப் பயிரைத் தாக்கும் தேன் ஒழுகல் நோயும் இதே பேரினப் பூஞ்சையால் வருவதுதான். எர்காட் கலந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக்குழாய்கள் இறுகி, கை கால்கள் அழுகின. இடைக்கால ஐரோப்பா இதைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்று அஞ்சியது. அந்த நஞ்சின் சாற்றையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்கள் சிலர் தலைவலிக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஆனால் சாற்றின் வீரியம் ஒவ்வொரு முறையும் மாறியதால் அளவு கட்டுப்படவில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சான்டோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ஸ்டோல், 1918இல் எர்காட்டிலிருந்து எர்கோட்டமினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார். 1920களின் நடுவில் எர்ன்ஸ்ட் ரோத்லினும் ஹான்ஸ் மையரும் அதை ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுத்தினர். பரிவு நரம்புகளின் மிகைச் செயலே நோய்க்குக் காரணம், எர்கோட்டமின் அதை அடக்கும் என்பது அவர்களது எண்ணம். விளக்கம் நிலைக்கவில்லை, மருந்து நிலைத்தது.

1938இல் நியூயார்க்கில் ஜான் கிரஹாமும் ஹரால்டு உல்ஃபும் நோயாளிகளின் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பைப் பதிவுசெய்தனர். எர்கோட்டமின் ஊசி போட்டதும் துடிப்பின் வீச்சு குறைந்தது, அதோடு வலியும் குறைந்தது. ரத்தக்குழாய் விரிவதே வலிக்குக் காரணம் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்று, அடுத்த அரை நூற்றாண்டு கோலோச்சியது. 1943இல் ஸ்டோலும் ஆல்பர்ட் ஹாஃப்மனும் உருவாக்கிய டைஹைட்ரோ எர்கோட்டமின், 1945 முதல் ஊசியாகப் பயன்பட்டது. காஃபீன் சேர்த்த எர்கோட்டமின் மாத்திரைகளும் பரவின.

இவை வலியைத் தணித்தாலும் குமட்டலைக் கூட்டின. உடலெங்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கின. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்த்து எர்கோட்டமினை உட்கொண்டால் கை கால்களுக்கு ரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து இன்றும் உண்டு.

செரட்டோனின் தந்த தடயம்

1960களில் இரு கண்டுபிடிப்புகள் பாதையைத் திருப்பின. உடலில் இயல்பாகவே உள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளைச் சிரை வழியே செலுத்தினால் ஒற்றைத் தலைவலி தணிகிறது என்று 1960இல் தெரியவந்தது. தாக்குதலின்போது ரத்தத்தில் செரட்டோனின் அளவு குறைகிறது என்று 1967இல் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் லான்ஸின் குழு காட்டியது. எனினும் செரட்டோனினை அப்படியே மருந்தாகக் கொடுக்க இயலாது; மூச்சுத்திணறல் போன்ற பக்கவிளைவுகள் கடுமையானவை.

தலையின் ரத்தக்குழாய்களில் மட்டும் செரட்டோனின் போலச் செயல்படும் பொருள் ஒன்று கிடைக்குமா? இக்கேள்வியோடு 1972இல் இங்கிலாந்தின் கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ப்ரி ஆய்வைத் தொடங்கினார். நாயின் கால் சிரையில் அதற்குரிய ஏற்பியை, அதாவது செரட்டோனின் பொருந்தும் இடத்தை, அவரது குழு இனங்கண்டது. பல மூலக்கூறுகளை ஆக்கிச் சோதித்து, 1980களில் சுமாட்ரிப்டானை அடைந்தது.

டிரிப்டான்கள்

சுமாட்ரிப்டான் 1991இல் முதலில் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. 1992 இறுதியில் அமெரிக்கா அதன் ஊசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்தது. தோலுக்கடியில் 6 மில்லிகிராம் ஊசி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு வலி தணிந்தது. இருட்டறையில் முடங்கிக் கிடந்தவர் அன்றே எழுந்து வேலைக்குத் திரும்ப முடிந்தது. இந்நோய் வெறும் மனத்தளர்ச்சி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு, உடலில் குறித்த இடத்தில் செயல்படும் மருந்து ஒரு சான்றாகவும் அமைந்தது.

சோல்மிட்ரிப்டான், நாராட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், அல்மோட்ரிப்டான், ஃப்ரோவாட்ரிப்டான், எலிட்ரிப்டான் ஆகியவை அடுத்த பத்தாண்டில் வந்தன. தாக்குதலின்போது இரைப்பை மந்தமாகி மாத்திரை உடலில் சேரத் தாமதமாவதால் மூக்கில் தெளிக்கும் வடிவம், நாக்கில் கரையும் மாத்திரை ஆகியவையும் உருவாயின. இதே காரணத்தால் மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி நிறுத்தும் மருந்தையும் மருத்துவர்கள் சேர்த்து எழுதுகின்றனர். உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் சுமாட்ரிப்டானை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ரத்தக்குழாயிலிருந்து நரம்புக்கு

இதற்கிடையே ரத்தக்குழாய்க் கொள்கை தளர்ந்தது. முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பே வலியின் பாதை என்று மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் முன்வைத்தார். தாக்குதலின்போது கழுத்துச் சிரையின் ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்னும் நரம்புப் பெப்டைடு மிகுவதை 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் கண்டனர். சுமாட்ரிப்டான் கொடுத்தபின் அது இயல்பு நிலைக்கு இறங்கியது. ரத்தக்குழாயைச் சுருக்க உருவாக்கிய மருந்து, நரம்பு முனையையும் அடக்கியிருந்தது.

சி.ஜி.ஆர்.பி. ஏற்பியை அடைத்தாலே தாக்குதல் தணியும் என்பதை டென்மார்க்கின் ஜெஸ் ஓலசனின் குழு ஓல்செஜெபன்ட் என்ற பொருளைக் கொண்டு 2004இல் நிறுவியது. அடுத்து வந்த டெல்கஜெபன்ட் கல்லீரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் உப்ரோஜெபன்ட் 2019 டிசம்பரிலும் ரிமெஜெபன்ட் 2020 பிப்ரவரியிலும் ஒப்புதல் பெற்றன. மூக்கில் தெளிக்கும் சவெஜெபன்ட் 2023இல் வந்தது. செரட்டோனின் வழியில் செயல்பட்டும் ரத்தக்குழாயைச் சுருக்காத லாஸ்மிடிடானுக்கு 2019 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அதை உட்கொண்டபின் 8 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது. மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலசன் நால்வரும் 2021இல் டென்மார்க்கின் மூளைப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நோயின் வழிமுறையை முதலில் அறிந்து, அதற்கென மருந்தை வடிவமைத்த வெற்றி அது.

பயன்பாடும் எல்லையும்

மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் ரத்தக்கொதிப்பு கட்டுப்படாதவர்களுக்கும் டிரிப்டான்களும் எர்கோட்டமினும் ஆகா. புதிய மருந்துகள் பெரிதும் உதவுவது இவர்களுக்கே. ஆனால் அவற்றின் விலை அதிகம்.

மருந்தே தலைவலியைப் பெருக்குவதும் உண்டு. டிரிப்டானையோ எர்கோட்டமினையோ மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், பாரசிட்டமால் போன்ற எளிய வலிநிவாரணிகளை 15 நாளும் அதற்கு மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து மிகைத் தலைவலி உருவாகக்கூடும். வலி உச்சத்தை எட்டுமுன் உட்கொண்டால்தான் டிரிப்டான் நன்றாகப் பலன் தரும். ஆகவே, அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் வலி வந்த நாளையும் மருந்து எடுத்த நாளையும் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது.