நடுக்கத்தை நிறுத்திய மின்னோட்டம்

பார்க்கின்சன் நோய் முற்றிய பெரியவர் இருக்கும் வீட்டில் தேநீர்க் குவளை பாதியளவே நிரப்பப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். ஒளூச் செய்யவும் அவருக்குப் பிறர் துணை வேண்டும்.

1960களின் இறுதியில் லெவோடோபா மருந்து வந்தபின், இந்நோய்க்கான அறுவை மருத்துவம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல மருந்தின் பயன் சீர்குலைந்தது. சிலருக்கு நடுக்கம் அடங்கவேயில்லை. அவர்களுக்கு எஞ்சிய வழி கடுமையானது. மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு புள்ளியை வெப்பத்தால் கருக்கிவிடுவார்கள். ஒருபுறம் கருக்கினால் எதிர்ப்புறக் கையின் நடுக்கம் நிற்கும். இருபுறமும் கருக்கினாலோ பேச்சும் அறிவாற்றலும் பாதிப்புறும் அபாயம் மிகுதி. அப்படியானால் இரு கைகளும் நடுங்குபவர் என்ன செய்வார்?

பிரான்சின் கிரெனோபிள் நகரில் இக்கேள்வியை எதிர்கொண்டவர் ஆலிம் லூயி பெனபித். அல்ஜீரிய மருத்துவர் ஒருவரின் மகன். மருத்துவத்தோடு இயற்பியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். இப்பின்னணியை நாம் எளிதில் கடந்துவிடலாகாது.

கருக்குவதற்கு முன், மின்முனை உரிய இடத்தில் உள்ளதா என மெல்லிய மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். நோயாளி விழித்தே இருப்பார். 1987இல் பெனபித் அதிர்வெண்ணை மாற்றிமாற்றிச் சோதித்தார். குறைந்த அதிர்வெண்ணில் பயனில்லை. நொடிக்கு நூறு துடிப்புகளை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. மின்னோட்டத்தை நிறுத்தினார், நடுக்கம் திரும்பியது. மீண்டும் செலுத்தினார், அடங்கியது. அழிக்காமலேயே அழித்ததன் பயன்! ஒருபுறம் ஏற்கெனவே கருக்கப்பட்டவர்களுக்கு மறுபுறம் மின்தூண்டல் என்றே அவர் தொடங்கினார்.

நடுக்கம் நின்றாலும் உடல் விறைப்பும் அசைவின் மந்தமும் எஞ்சின. அதற்கான இடத்தை அமெரிக்காவில் மஹ்லான் டிலாங் குழுவினர் 1990இல் காட்டினர். நோயுற்ற குரங்குகளில் தலாமஸுக்குக் கீழுள்ள சிறு நரம்பணுத் திரள் அளவுமீறி இயங்குவதையும், அதைச் செயலிழக்கச் செய்தால் அசைவு மீள்வதையும் அவர்கள் கண்டனர். 1993இல் பெனபித் குழுவினர் மனிதரில் அவ்விடத்திலேயே மின்முனையைப் பொருத்தினர். 2002இல் அமெரிக்க அரசு பார்க்கின்சனுக்கு இதனை அனுமதித்தது. 2014இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிட்டியது.

இது நோயைத் தீர்ப்பதன்று. நோய் தன் வழியே முன்னேறும். காறை எலும்பின் கீழ்ப் புதைக்கும் மின்கலமும் செலவும் ஒருபுறமிருக்க, சிலருக்குப் பேச்சுக் குழறுகிறது. சிலருக்கு மனநிலையோ குணமோ மாறுகிறது. கை நின்றதே என்ற மகிழ்ச்சியில் வீட்டார் இதனைச் சொல்லாது விட்டுவிடுகின்றனர். மருத்துவரிடம் கூறினால், மின்னோட்டத்தின் அளவைத் திருத்திப் பார்க்க இயலும்.